முகங்களைக் கூறும் சொற்கள்: ஆங்கிலத் தோற்றச் சொற்புலத்தின் வரலாறும் இந்தியச் சூழலும்

1. முன்னுரை

ஆங்கிலம் கற்பவர் தொடக்கப் பாடங்களிலேயே எதிர்கொள்ளும் சொற்புலங்களுள் ஒன்று, முகத்தையும் தோற்றத்தையும் பற்றியது. முடியின் நிறம், கண்ணின் நிறம், மூக்கின் வடிவம், தோலின் நிறம், உயரம், பருமன், அடையாளக் குறி என்னும் தலைப்புகளில் சொற்கள் பட்டியலாகத் தரப்படுகின்றன. 'ஃபேர்', 'ஹேண்ட்ஸம்', 'ஸ்னப்-நோஸ்ட்', 'காம்ப்ளெக்ஷன்', 'மோல்' ஆகியன அடுத்தடுத்த வரிகளில் அமைகின்றன. இவை அனைத்தும் ஒரே தன்மையன என்றும், ஒவ்வொன்றுக்கும் ஒரு தமிழ் நிகரனை அறிந்துகொண்டால் போதும் என்றும் மாணவர் கருத இப்பட்டியல் இடமளிக்கிறது.

சொல் வரலாற்றை நோக்கினால் நிலைமை வேறாகத் தோன்றுகிறது. இச்சொற்கள் வெவ்வேறு நூற்றாண்டுகளில், வெவ்வேறு தேவைகளுக்காக ஆங்கிலத்தில் நிலைபெற்றவை. சில மருத்துவக் கொள்கையிலிருந்து வந்தவை. சில குணங்கூறும் கலையிலிருந்து வந்தவை. சில காவல்துறையின் பதிவேடுகளில் வரையறை பெற்றவை. இந்தியாவுக்கு இவை வந்து சேர்ந்த வரிசையோ ஆங்கிலத்தில் தோன்றிய வரிசை அன்று. இவ்வடுக்குகளைப் பிரித்துக் காண்பதும், அதனால் மொழிபெயர்ப்பாளருக்கும் மொழி பயிற்றுநருக்கும் விளையும் பயனைச் சுட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. உறுப்பும் முகமும்

ஆங்கிலத்தில் முகத்தின் உறுப்புகளைக் குறிக்கும் அடிப்படைச் சொற்கள் பெரும்பாலும் பழைய ஆங்கிலத்திலிருந்து தொடர்ந்து வருவன. 'ஐ', 'நோஸ்', 'மவுத்', 'இயர்', 'சின்', 'சீக்', 'லிப்', 'டூத்' ஆகியவை செருமானியக் குடும்பத்துக்கு உரியவை. ஆனால் முகத்தை முழுமையாகக் குறிக்கும் சொற்கள் அவ்வாறு நிலைபெறவில்லை. 1066-இல் நிகழ்ந்த நார்மானிய வெற்றிக்குப் பின் பிரெஞ்சுச் சொற்கள் ஆங்கிலத்தில் பெருகின. அவற்றுள் 'ஃபேஸ்', 'விசேஜ்', 'கவுண்டனன்ஸ்', 'ஃபீச்சர்' ஆகியனவும் அடங்கும். முகத்தைக் குறித்து வந்த பழைய ஆங்கிலச் சொற்கள் நாளடைவில் வழக்கிழந்தன. உறுப்புகள் தாய்மொழிப் பெயர்களோடு இருக்க, அவற்றின் தொகுதி கடன்பெயர் பெற்றது.

தமிழிலும் ஒப்பிடத்தக்க நிலை உண்டு. கண், மூக்கு, வாய், செவி, பல் ஆகியவை ஐயத்துக்கு இடமின்றித் திராவிட மூலத்தன. 'முகம்' என்னும் சொல்லைப் பற்றியோ, அதற்கும் வடமொழி வடிவத்துக்கும் உள்ள உறவு குறித்து அறிஞரிடையே கருத்து வேறுபாடு நிலவுகிறது. உறுப்பு கண்ணுக்குத் தெரியும் பொருள். முகம் என்பதோ ஓரளவு கருத்தும் ஆகும். தோற்றம், மதிப்பு, மனநிலை ஆகிய மூன்றும் அதில் கலந்துள்ளன. 'முகம் கொடுத்துப் பேசுதல்', 'முகத்தில் அடித்தாற்போல் பேசுதல்', 'முகதாட்சணியம்' ஆகிய வழக்குகளில் உறுப்பைவிட உறவே பேசப்படுகிறது.

'கவுண்டனன்ஸ்' இக்கலப்புக்குத் தக்க சான்று. தன்னடக்கம் என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்த இது, முதலில் ஒருவரின் நடத்தையைக் குறித்தது. பின் நடத்தையை வெளிப்படுத்தும் முகபாவத்தைக் குறித்தது. அதன் பின்னரே முகத்தைக் குறித்தது. ஆதரவளித்தல் என்னும் வினைப்பொருளும் அதற்கு உண்டு. ஆதலின் பழைய ஆங்கில நூலொன்றில் வரும் இச்சொல்லை இடம் நோக்காது 'முகம்' எனப் பெயர்ப்பது பொருந்தாது. 'முகக்குறிப்பு', 'தோரணை', 'ஆதரவு' ஆகியவற்றுள் ஒன்று பொருத்தமாக அமையலாம்.

உறுப்புப் பெயர்களிலும் எல்லை மாற்றங்கள் உண்டு. 'சீக்' என்பது பழைய ஆங்கிலத்தில் தாடையைக் குறித்தது. 'பிரௌ' என்பது முதலில் புருவத்தைச் சார்ந்த சொல். பின்னர் நெற்றிக்கும் ஆயிற்று. தமிழில் தாடை, மோவாய், முகவாய், நாடி ஆகியவற்றின் எல்லைகள் வட்டாரந்தோறும் மாறுவதை அறிந்தவர்களுக்கு இது வியப்பளிக்காது. 'சின்' என்பதற்கும் 'ஜா' என்பதற்கும் தமிழில் தாடை என்னும் ஒரே சொல்லை வழங்கும் பெயர்ப்புகள், மூலநூல் வரைந்த முகத்தை மாற்றிவிடுகின்றன.

3. மருத்துவ அடுக்கு

தோலின் நிறத்தைக் குறிக்கும் சொல்லாக இன்று பயிற்றப்படும் 'காம்ப்ளெக்ஷன்' நிறப்பெயராகப் பிறந்தது அன்று. ஒன்றோடொன்று பின்னுதல் என்னும் பொருளுடைய இலத்தீன் வினையிலிருந்து வந்தது அது. இடைக்கால ஐரோப்பிய மருத்துவம் குருதி, கோழை, மஞ்சட்பித்தம், கரும்பித்தம் என்னும் நான்கு நீர்மங்களின் சேர்க்கையே உடலியல்பையும் மனவியல்பையும் அமைக்கிறது எனக் கொண்டது. அச்சேர்க்கையின் பெயரே 'காம்ப்ளெக்ஷன்'. 14ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் இப்பொருளிலேயே அது வழங்கியது. எந்த நீர்மம் மிக்கிருக்கிறது என்பதை முகத்தின் நிறம் காட்டும் என்று நம்பப்பட்டதால், காரணத்தின் பெயர் காரியத்துக்கு ஆகி, நிறப்பொருள் மேலோங்கியது. மருத்துவக் கொள்கை மறைந்த பின்னும் சொல் நிலைத்தது.

14ஆம் நூற்றாண்டின் இறுதியில் சாசர் இயற்றிய காண்டர்பரி கதைகளின் முன்னுரைப் பகுதி, ஆங்கிலத்தில் முகங்களை வருணித்த தொடக்கக்காலப் படைப்புகளுள் தலையாயது. நிலக்கிழார் குருதி மிக்க இயல்பினர்; நில மேற்பார்வையாளர் பித்தம் மிக்கவர். மாவரைப்பவரின் மூக்கில் ஒரு மருவும் அதன்மேல் செம்மயிர்க் கொத்தும் காணப்படுகின்றன. பாத் நகரப் பெண்மணிக்குப் பல்லிடைவெளி உண்டு. இவை வெறும் அழகுக் குறிப்புகள் அல்ல. அக்கால வாசகர் இவற்றை நோயாளியின் நாடியைப் பார்ப்பதுபோலப் படித்துக் குணத்தை அறிந்தனர். நிலக்கிழாரைச் 'சிவந்த நிறத்தவர்' எனத் தமிழில் பெயர்த்தால் பாதிப்பொருளே கிட்டும். வாதம், பித்தம், சிலேத்துமம் என்னும் முப்பகுப்பு நம் மருத்துவ மரபில் இருப்பதால், 'தேகவாகு', 'உடற்கூறு' போன்ற சொற்கள் இத்தகைய இடங்களில் கைகொடுக்கும். எண்ணிக்கையில் இரு மரபும் வேறுபடுவதால் ஒன்றுக்கொன்று நேராக வைத்தல் மட்டும் கூடாது.

சங்க இலக்கியத்தின் 'பசலை'யும் இங்கு நினைக்கத்தக்கது. அது நிறத்தின் பெயர். அதே வேளையில் பிரிவால் உற்ற நிலையின் பெயர். 'மாமை'யோ இயல்பான நிறத்தின் அழகைக் குறிப்பது. இவ்விரண்டையும் ஆங்கிலத்தில் பெயர்ப்போர் இன்றைய 'காம்ப்ளெக்ஷ'னிடம் உதவி பெற முடிவதில்லை. சாசர் காலத்துக் 'காம்ப்ளெக்ஷன்' பசலைக்கு ஓரளவு அணுக்கமானது.

4. வனப்புச் சொற்களின் பொருள்மாற்றம்

அழகைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்கள் பலவும் வேறு பொருளில் தொடங்கியவை. 'பிரெட்டி' பழைய ஆங்கிலத்தில் தந்திரமுடைமையைக் குறித்தது. 15ஆம் நூற்றாண்டளவில் அழகுப் பொருள் பெற்றது. 'ஹேண்ட்ஸம்' என்பது கை என்னும் பெயரடியாகப் பிறந்து, கையாள்வதற்கு எளியது என்று பொருள்பட்டது. 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் தோற்றத்துக்கு வந்தது. 'பிளெய்ன்' சமமானது, எளியது என்னும் பொருள்களைக் கடந்து, அழகின்மையை நாகரிகமாகச் சுட்டும் இடக்கரடக்கலாயிற்று. 'அக்லி' பழைய நார்ஸ் மொழியில் அஞ்சத்தக்கது என்னும் பொருளுடைய சொல்லிலிருந்து வந்தது.

நிற ஆட்சிகளில் 'ஆபர்ன்' குறிப்பிடத்தக்கது. வெண்மை சார்ந்த இலத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியே வந்த இது, முதலில் வெளிர்மஞ்சள் முடியைக் குறித்தது. பழுப்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லோடு ஒலியால் நெருங்கியமையால் இன்று செம்பழுப்பைக் குறிக்கிறது. ஒலி மயக்கம் ஒரு நிறத்தையே மாற்றியதற்கு இஃது எடுத்துக்காட்டு.

'ஃபேர்' பழைய ஆங்கிலத்தில் அழகியது என்றே பொருள்பட்டது. வெளிர்நிறம் என்னும் பொருள் பின்னர் வந்து சேர்ந்து, 16ஆம் நூற்றாண்டில் மேனி நிறத்தைப் பற்றிய பேச்சில் வலுப்பெற்றது. அழகும் வெண்மையும் ஒரே சொல்லில் அடங்கிய பிறகு, அழகிய கரிய முகத்தை அச்சொல்லால் கூறுவது முரணாயிற்று. 1609-இல் அச்சான ஷேக்ஸ்பியரின் பதினான்கடிப் பாடல்களில் கரிய பெண்ணைப் பற்றிய பகுதி இம்முரணை வைத்தே விளையாடுகிறது.

தமிழில் 'லட்சணம்' இதற்கு இணையான வரலாறு உடையது. அடையாளம் என்னும் பொருளுடைய வடசொல் அது. உடற்குறிகளைக் கொண்டு பலன் கூறும் சாமுத்திரிகா இலட்சணத்தில் நற்குறிகளுக்கு ஆகி, 'லட்சணமான முகம்' என்னும் வழக்கில் அழகுக்கே பெயராயிற்று. 'அவலட்சணம்' அதன் மறுதலை. குறியைப் படிக்கும் கலை மங்கியபோதும் அதன் தீர்ப்பு சொல்லில் நிலைத்துவிட்டது.

5. வருணனையின் வரிசை

முகத்தை எந்த வரிசையில் கூறுவது என்பதற்கும் மரபு இருந்தது. 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வின்சாஃபைச் சேர்ந்த ஜெஃப்ரி இலத்தீனில் எழுதிய செய்யுளியல் நூல், பெண்ணின் அழகைத் தலையிலிருந்து அடிவரை முறையாக வருணிக்கும் மாதிரியைத் தருகிறது. இதன் வழித்தோன்றலாகக் கூந்தல், நெற்றி, புருவம், கண் என ஒவ்வோர் உறுப்புக்கும் ஓர் உவமை கூறும் பாடல் வகை ஐரோப்பாவில் பரவியது. மேற்சொன்ன ஷேக்ஸ்பியரின் பாடல்களுள் 130ஆவது இவ்வகையைக் கேலி செய்வது.

கேசாதிபாதம், பாதாதிகேசம் என்னும் வகைகளை அறிந்த தமிழ் வாசகருக்கு இது புதிதன்று. பொருநராற்றுப்படையின் பாடினி வருணனை கூந்தலில் தொடங்கி அடியில் முடிகிறது. இரு மரபுகளும் தமக்குள் தொடர்பின்றியே ஒரே முறையைக் கண்டன. ஆனால் அன்றாடப் பேச்சில் தமிழர் முகத்தைக் கூறும் முறை உறுப்புவரிசை அன்று. 'அப்பா ஜாடை', 'அத்தை சாயல்', 'அச்சு அசல் தாத்தா' என உறவின்வழிக் கூறுதலே பெருவழக்கு. மொத்தத் தோற்றத்தைக் 'களையான முகம்' என்றும், 'மூக்கும் முழியுமாக' என்றும் கூறுவர். பின்னதில் உறுப்புகள் இரண்டு பெயர் பெற்றாலும் அவற்றின் வடிவம் எதுவும் கூறப்படுவதில்லை. திருத்தமான முகம் என்னும் முடிவே கூறப்படுகிறது.

6. குணங்கூறும் கலையும் புதினமும்

சூரிச் நகரத்துச் சமயப்போதகர் லவாட்டர் 1775 முதல் 1778 வரை நான்கு தொகுதிகளாக வெளியிட்ட முகக்குறி நூல், ஐரோப்பிய மொழிகளின் முகச்சொற்களைப் பெருக்கிய பெரும் நிகழ்ச்சி. 1789-இல் தாமஸ் ஹோல்கிராஃப்ட் அதை ஆங்கிலத்தில் பெயர்த்தார். நெற்றியின் சாய்வு, மூக்கின் வளைவு, உதட்டின் தடிப்பு, மோவாயின் முன்னீட்டம் ஆகியவற்றால் ஒருவரின் அறிவையும் ஒழுக்கத்தையும் அளவிடலாம் என்பது அதன் கொள்கை. 'பீகிள்' கப்பலின் தலைவர் ஃபிட்ஸ்ராய் இக்கொள்கையில் பற்றுடையவர். 1831-இல் தம் மூக்கின் வடிவத்தைக் கண்டு, பயணத்துக்கு வேண்டிய ஊக்கம் தமக்கு இராது என அவர் ஐயுற்றதை டார்வின் தன்வரலாற்றில் குறிப்பிடுகிறார். ஒரு மூக்கைப் பற்றிய தீர்ப்பு அறிவியல் வரலாற்றில் குறுக்கிட இருந்த நிகழ்ச்சி இது.

மண்டையோட்டுக் குறிக்கலையும் இதனோடு சேர்ந்தது. 1847-இல் வெளிவந்த சார்லட் பிராண்ட்டியின் 'ஜேன் அயர்' புதினத்தில் கதைமாந்தர் ஒருவரையொருவர் நெற்றியையும் தலையமைப்பையும் கொண்டு எடைபோடுகின்றனர். அக்காலப் புதினங்களில் முகவருணனை நீண்டு அமைவதற்கு இதுவும் ஒரு காரணம். அறிவுநாட்டம் உடையாரைக் குறிக்கும் 'ஹைபிரௌ', மோவாயின் சிறுமையைக் கோழைத்தனமாகக் காணும் 'வீக் சின்' ஆகியவை அக்கலைகளின் எச்சங்கள். 'வீக் சின்' என்பதை 'பலவீனமான மோவாய்' எனத் தமிழில் பெயர்த்தால் நோயாகப் புரிந்துகொள்ளப்படும். 'சிறுத்த மோவாய்' என வடிவத்தைக் கூறி, குணத்தைத் தொடரின் பிறிதோர் இடத்தில் உணர்த்துவதே இயலும் வழி.

7. பதிவேட்டு அடுக்கு

பாரிஸ் காவல்துறையில் 1879-இல் எழுத்தராகச் சேர்ந்த அல்போன்ஸ் பெர்த்தியோன், குற்றவாளிகளை உடல் அளவுகளால் அடையாளங்காணும் முறையை வகுத்தார். அதனோடு 'பேசும் உருவம்' எனப்படும் சொல்வழி வருணனை முறையையும் உருவாக்கினார். மூக்கின் முதுகுக்கோடு உட்குழிந்தது, நேரானது, புறங்குவிந்தது. அதன் அடி உயர்ந்தது, கிடையானது, தாழ்ந்தது எனச் சொற்கள் வரையறுக்கப்பட்டன. காதின் பகுதிகள் மிக நுட்பமாகப் பிரிக்கப்பட்டன. இந்நூலின் ஆங்கிலப் பெயர்ப்பு 1896-இல் சிகாகோவில் வெளிவந்தது. உவமையும் குணத்தீர்ப்பும் நீக்கப்பட்ட முகமொழி ஒன்றை அமைக்க இங்கு முயற்சி நிகழ்ந்தது. சொல்லாய்வாளர் நோக்கில் இதைக் கலைச்சொல்லாக்கப் பணி எனலாம்.

இந்தியாவில் இம்முறையின் வாழ்வு குறுகியது. 1890களில் வங்காளக் காவல்துறைத் தலைவர் எட்வர்ட் ஹென்றி உடலளவு முறையைக் கையாண்டார். 1858-இல் வங்காளத்தில் வில்லியம் ஹெர்ஷல் ஓர் ஒப்பந்தக்காரரின் கைப்பதிவைப் பெற்றதிலிருந்து வளர்ந்து வந்த ரேகை முறை, அசிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் ஆகியோரின் உழைப்பால் வகைப்பாடு பெற்றது. 1897-இல் கல்கத்தாவில் ரேகைப் பதிவகம் ஏற்பட்டது. 1901-இல் லண்டன் காவல்துறையும் இதை மேற்கொண்டது. முகத்தைச் சொல்லால் பிடிக்க முடியாது என்னும் முடிவு கல்கத்தாவில் நிறுவனமாக உருப்பெற்றது என்று கூறலாம்.

அளவைச் சொற்கள் வேறொரு துறையில் தொடர்ந்தன. ரிஸ்லி 1891-இல் வெளியிட்ட வங்காளச் சாதிகள் பற்றிய நூலில், மூக்கின் அகலத்தை நீளத்தோடு ஒப்பிடும் விகிதத்தைக் கொண்டு சாதிகளை வரிசைப்படுத்தினார். சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் இத்தகைய அளவுகளைத் தென்னிந்தியாவில் எடுத்தார். 1909-இல் ஏழு தொகுதிகள் வெளிவந்தன. 70-க்குக் கீழ், 70 முதல் 85 வரை, 85-க்கு மேல் என்னும் எண்களுக்குக் கிரேக்க மூலச் சொற்கள் பெயராயின. எண் நடுநிலையானது என்னும் தோற்றம், அதன் அடியில் இருந்த ஏற்றத்தாழ்வுக் கருத்தை மறைத்தது. 1932-இல் குர்யே இம்முடிவுகள் இந்தியா முழுமைக்கும் பொருந்தாமையைச் சுட்டிக்காட்டினார்.

8. கப்பல் பட்டியலில் ஒரு கட்டம்

பதிவேட்டு அடுக்கோடு தமிழர்க்கு நேரடித் தொடர்பு உண்டு. 1860 நவம்பரில் சென்னையிலிருந்து சென்ற 'ட்ரூரோ' கப்பல் நேட்டால் துறைமுகத்தை அடைந்தது. 1911 வரை ஏறத்தாழ 1,52,000 பேர் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக அங்குச் சென்றனர். அவர்களைப் பற்றிய கப்பல் பட்டியல்களில் எண், பெயர், தந்தை பெயர், வயது, பால், சாதி, ஊர் ஆகியவற்றோடு 'உடற்குறிகள்' என்னும் கட்டமும் உண்டு. ஃபிஜி முதலிய இடங்களுக்குச் சென்றோரின் குடிபெயர்வுச் சீட்டுகளிலும் இக்கட்டம் காணப்படுகிறது.

அக்கட்டத்தில் இடம்பெறுவன பெரும்பாலும் தழும்பு, மச்சம், பச்சை ஆகியவையே. முகத்தின் சாயல், கண்ணின் தன்மை, புன்னகை எதுவும் இல்லை. பலருக்கு அவர்தம் தோற்றத்தைப் பற்றி எஞ்சியிருப்பது இந்த ஒரு வரி மட்டுமே. மூதாதையரைத் தேடும் வழித்தோன்றல்கள் இன்று அதைப் படிக்கின்றனர். அவ்வரியின் ஒவ்வொரு சொல்லும் ஓர் எழுத்தர் அயல்மொழியில் எழுதிய பெயர்ப்பு என்பதை மனத்திற் கொள்ள வேண்டும். ஆங்கில 'ஸ்கார்' ஒன்றுள் தமிழின் வடு, தழும்பு, சூட்டுத் தழும்பு, அம்மைத் தழும்பு யாவும் அடங்கிவிடலாம். காய்ச்சலுக்குச் சூடு போட்ட தழும்பா, வயலில் அரிவாள் பட்ட வடுவா என்பதை மூலச்சொல் ஒருவேளை கூறியிருக்கும், பதிவு கூறாது. இத்தகைய ஆவணத்தைத் தமிழுக்கு மீட்டுக் கொணர்பவர், பதிவில் இல்லாத நுட்பத்தைத் தாமாகச் சேர்த்தல் ஆகாது. 'தழும்பு' என்னும் பொதுச்சொல்லே அங்கு நேர்மையான பெயர்ப்பு.

'மச்சம்' இரு உலகங்களில் வாழும் சொல். சாமுத்திரிகத்தில் அது பலன் தரும் குறி. 'மச்சக்காரன்' என்றால் நற்பேறு உடையவன். படிவத்தில் அது ஆளை அறியும் குறி. பள்ளி மாற்றுச் சான்றிதழின் அங்க அடையாளக் கட்டத்துக்காக ஆசிரியர் மாணவரின் கையையும் கழுத்தையும் நோக்கி மச்சத்தைத் தேடும் வழக்கம், பதிவேட்டு அடுக்கு நம்மிடையே எவ்வளவு ஆழமாக வேரூன்றியது என்பதற்குச் சான்று. இந்திய மாணவர் பலர் முதன்முதலில் தம்மைப் பற்றி ஆங்கிலத்தில் கண்ட தோற்ற வருணனை, மச்சத்தைப் பற்றிய அந்த ஒரு தொடராகவே இருந்திருக்கும்.

9. இந்திய ஆங்கிலத்தின் ஆக்கங்கள்

பெற்ற சொற்களை இந்தியர் அப்படியே வைத்துக்கொள்ளவில்லை. 'வீட்டிஷ்' என்னும் மேனிநிறச் சொல் இந்திய ஆங்கிலத்துக்கே உரியது. கோதுமையால் நிறத்தைச் சுட்டும் வடஇந்திய மொழி வழக்கு அதன் பின்னணி. அரிசியுண்ணும் தமிழர்க்கு இவ்வொப்புமை இயல்பானதன்று. 'மாநிறம்', 'புதுநிறம்' ஆகியவை அவ்விடத்தை நிரப்புகின்றன. 'கோதுமை நிறம்' என்பது மீள்பெயர்ப்பாக வந்து சேர்ந்தது.

'ஹோம்லி' மணமகள் தேவை விளம்பரங்களில் 'குடும்பப் பாங்கான' என்பதன் நிகரனாக வழங்குகிறது. அமெரிக்க ஆங்கிலத்தில் அதே சொல் அழகற்றவர் எனப் பொருள்படும். இரண்டும் வீட்டைக் குறிக்கும் ஒரே அடியிலிருந்து, எளிமை என்னும் பொருள் வழியாகக் கிளைத்தவை.

'ஃபேர்' பெற்ற செல்வாக்கு தனியே நோக்கத்தக்கது. 1975-இல் இச்சொல்லைப் பெயரில் தாங்கி 'ஃபேர் அண்ட் லவ்லி' முகப்பூச்சு சந்தைக்கு வந்தது. 2020-இல் 'ஃபேர்' நீக்கப்பட்டு 'குளோ அண்ட் லவ்லி' ஆயிற்று. சொல்லை மாற்றுவதால் மதிப்பீடு மாறுமா என்பது வேறு வினா. ஒரு சொல்லின் பொருள்வரலாறு பொதுவிவாதப் பொருளாயிற்று என்பதே இங்குக் கருதத்தக்கது.

தமிழில் இதன் நிகரன் 'சிவப்பு'. 'பெண் சிவப்பாக இருக்கிறாள்' என்னும் தொடரில் செந்நிறம் இல்லை. அயல்மொழியார் இதனைச் சொல்லுக்குச் சொல்லாகப் பெயர்த்தால், வெயிலில் கன்றிய முகமோ நாணிச் சிவந்த முகமோ தோன்றும். 'ஃபேர்' எனப் பெயர்த்தாலும் இடர் நீங்குவதில்லை. ஆங்கிலேயரின் அளவுகோலில் அச்சொல் வெளிர்மேனியையும் பொன்னிற முடியையும் சுட்டும். தமிழர் 'சிவப்பு' என்பவரை அவ்வளவுகோல் 'டார்க்' என்றே கொள்ளக்கூடும். நிறச்சொற்கள் தனித்து நிற்பவை அல்ல. ஒரு புலத்தின் பிற சொற்களோடு எல்லை பகிர்ந்துகொண்டே பொருள் பெறுகின்றன. 1931-இல் ட்ரியர் விளக்கிய சொற்புலக் கொள்கைக்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இவ்விடர் நீதிமன்றத்தில் கடுமையாகிறது. சாட்சி தமிழில் கூறுவதை ஆங்கிலத்தில் பதியும்போது, 'சிவப்பா, ஒல்லியா, ஏறு நெற்றியா இருந்தார்' என்பதில் மூன்று முடிவுகள் எழுத்தரால் எடுக்கப்படுகின்றன. 'ஏறு நெற்றி' உயர்ந்த நெற்றியாகவும் பதியப்படலாம், வழுக்கையாகவும் பதியப்படலாம். பின்னர் அடையாள அணிவகுப்பில் நிறுத்தப்படுபவரின் முகம் அப்பதிவோடு ஒப்பிடப்படும்போது, பெயர்ப்பில் நேர்ந்த விலகல் சாட்சியின் விலகலாகக் கொள்ளப்படக்கூடும். சாட்சி கூறிய தமிழ்ச்சொல்லையும் உடன் பதிந்து வைப்பது சிறிய செயல். அதனால் காக்கப்படுவது பெரிது.

10. ஓர் இலக்கணக் குறிப்பு

ஆங்கிலத் தோற்ற வருணனையின் தனிக்கூறு, 'புளூ-ஐட்', 'ஸ்னப்-நோஸ்ட்', 'லான்டர்ன்-ஜாட்' போன்ற கூட்டுப்பெயரடைகள். தம்முள் இல்லாத ஒருவரைச் சுட்டும் இத்தொகைகளை விளக்க மேலைமொழியியலார் வடமொழி இலக்கணத்தின் 'பகுவிரீகி' என்னும் பெயரையே கடன்பெற்றனர். தமிழில் இவ்விடத்தில் நிற்பது அன்மொழித்தொகை. 'கயல்விழி' வந்தாள் என்றால் விழி வரவில்லை; விழியுடையாள் வந்தாள்.

இருப்பினும் இவை பயனில் ஒத்தவை அல்ல. தமிழ் அன்மொழித்தொகை பெரும்பாலும் புகழ்ச்சிக்கும் விளிக்கும் உரியது, பெயராக நிற்பது. ஆங்கிலக் கூட்டு அன்றாட வருணனைக்கு உரியது, பெயரடையாக நிற்பது. ஆதலின் 'ஸ்னப்-நோஸ்ட் பாய்' என்பதைச் 'சப்பைமூக்கன்' எனப் பெயர்த்தால் வருணனை வசையாகிவிடும். 'மூக்கு சற்றே மேல்நோக்கிய சிறுவன்' எனத் தொடராக விரித்தலே தக்கது. '-அன்', '-இ' ஈற்றுத் தோற்றப்பெயர்கள் தமிழில் பெரும்பாலும் பட்டப்பெயராகவே ஒலிக்கும் என்பதைப் பெயர்ப்பாளர் நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

11. பயிற்றலுக்கான முடிவுகள்

உறுப்புப் பெயர்களைப் படத்தோடு கற்பிக்கும் முறை 1658-இல் கொமேனியஸ் வெளியிட்ட படநூலிலேயே உள்ளது. அடுத்த ஆண்டே அது ஆங்கிலத்தில் பெயர்க்கப்பட்டது. 1930-இல் ஓக்டன் வகுத்த 850 சொல் ஆங்கிலத்தில் மூக்கும் உதடும் மோவாயும் இடம்பெற்றன. கன்னமும் நெற்றியும் புருவமும் இடம்பெறவில்லை. டாக்காவில் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட் சொல் நிகழ்வெண்ணை அடிப்படையாகக் கொண்டு 1953-இல் பொதுச்சொற் பட்டியல் வெளியிட்டார். எத்தனை சொற்கள், எவை முதலில் என்னும் வினாக்களுக்கு இம்முயற்சிகள் விடைகண்டன. எந்த அடுக்குக்கு உரியவை என்னும் வினா எழுப்பப்படவில்லை.

இவ்வாய்வின் அடிப்படையில் மூன்று பரிந்துரைகளைக் கூறலாம். முதலாவது, தோற்றச் சொற்களைப் பயிற்றும்போது வடிவம் கூறுவன, மதிப்பீடு கூறுவன, அடையாளம் காட்டுவன என மூவகையாகப் பிரித்துத் தருதல். இரண்டாவது, இருமொழி அகராதிகளில் 'ஃபேர்', 'ஹோம்லி', 'காம்ப்ளெக்ஷன்' போன்றவற்றுக்குக் காலமும் நாடும் சுட்டிப் பொருள் தருதல். மூன்றாவது, 'ஜாடை', 'களை', 'மாநிறம்', 'மூக்கும் முழியுமாக' போன்ற தமிழ் வழக்குகளிலிருந்து தொடங்கி, அவற்றை ஆங்கிலத்தில் எவ்வாறு கூறுவது என்னும் திசையிலும் பயிற்சி அளித்தல். இன்றைய பாடநூல்கள் எதிர்த்திசையில் மட்டுமே செல்கின்றன. அதனால் பொன்னிற முடியையும் நீலக்கண்ணையும் கூறத் தெரிந்த மாணவர், தம் தாயின் முகத்தை ஆங்கிலத்தில் கூற இயலாது தடுமாறுகிறார்.

பதிவேடுகள் இச்சொற்களைக் கைவிட்டு வருகின்றன. கையால் எழுதப்பட்ட கடவுச்சீட்டுகள் உலக அளவில் 2015 நவம்பரோடு விலக்கப்பட்டன. கண்நிறம், முடிநிறம், அடையாளக் குறி ஆகியவற்றுக்கான பழைய கட்டங்கள் இந்தியக் கடவுச்சீட்டில் இப்போது இல்லை. கைதிகளை அடையாளங்காணும் 1920ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கி 2022-இல் இயற்றப்பட்ட சட்டம் கருவிழி, விழித்திரைப் பதிவுகளையும் அளவைகளாகக் கொள்கிறது. ஆளை அறியும் பணியை எந்திரம் ஏற்றுக்கொண்டபின், முகத்தைச் சொல்லால் கூறும் பணி கதைசொல்வோர்க்கும், சாட்சியம் அளிப்போர்க்கும், காணாமற்போனவரைத் தேடும் உறவினர்க்கும் எஞ்சுகிறது. அவர்கள் கூறுவது ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்குச் செல்லும்போது முகம் மாறாது காத்தல் மொழிபெயர்ப்பாளரின் கடமையாகும்.